உருட்டல் வேகத்தைக் குறைக்கக் கேட்பது ஆடம்பரமா?

லினக்ஸ் மடிக்கணினியில், ஒளிவருடப்பட்ட பழைய நூலொன்றின் அடிக்குறிப்பைத் தேடும் ஆய்வு மாணவர் டச்பேடின்மேல் இரு விரல்களை நகக்கண் அளவு நகர்த்துகிறார். 41ஆம் பக்கத்தில் இருந்தவர் 44இல் போய் நிற்கிறார். மெல்லப் பின்னிழுத்தால் 39. அமைவுகளைத் திறந்து பார்க்கிறார். சுட்டியின் வேகத்தை மாற்ற ஸ்லைடர் இருக்கிறது. உருட்டலின் திசையைத் தலைகீழாக்கவும் வழி இருக்கிறது. உருட்டலின் வேகத்தைக் குறைக்க எதுவும் இல்லை. க்னோம் பணிச்சூழல் பல ஆண்டுகளாக அவருக்கு அளித்துவந்த விடை இந்த வெற்றிடம்தான். உபுண்டு 2017இல் க்னோமுக்குத் திரும்பிவிட்டதால், லினக்ஸுக்குப் புதிதாக வருவோரில் பலர் முதலில் சந்திப்பதும் இதைத்தான்.

இதற்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் விரல்கள் வெவ்வேறு திசைகளில் நீள்கின்றன. டச்பேடின் அசைவைப் படித்துத் தருவது லிப்இன்புட் என்னும் நூலகம். விரல் எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சொல்வதோடு தன் கடமை முடிந்தது, அதை எத்தனை வரிகளாக மாற்றுவது என்பது மேலடுக்கின் வேலை என்கிறது அது. மேலடுக்கில் இருக்கும் ஜிடிகே, க்யூடி, உலாவிகள் ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் கணக்கைப் போடுகின்றன. அதனால் ஒரே விரலசைவு ஒரு செயலியில் ஊர்கிறது, இன்னொன்றில் பாய்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தன்னளவில் சரியாகவே பேசுகிறது. பக்கம் மட்டும் நிற்பதில்லை.

லிப்இன்புட்டின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு முன்பிருந்த சினாப்டிக்ஸ் இயக்கியில் திருகிப் பார்க்க டஜன் கணக்கில் விருப்பங்கள் இருந்தன. அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துப் பார்ப்பது யாராலும் ஆகாதது. விரலை எடுத்த பின்னும் உருண்டுகொண்டே இருக்கும் ஓட்டத்தையும் அந்த இயக்கியே உருவாக்கியது. அது அடங்குமுன் கன்ட்ரோல் விசையை அழுத்தியவரின் திரையில் எழுத்துகள் திடீரென ஊதிப் பெருத்தன. அந்தப் பணியை மேலடுக்குக்கு மாற்றியது சரியான திருத்தம். ஆனால், எழுபது திருகுகள் வேண்டாம் என்பதற்கும் ஒன்றுகூட வேண்டாம் என்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க 'நல்ல இயல்பமைவு' என்னும் சொல்லைப் பாலமாக்குகிறார்கள். யாருடைய விரலுக்கு நல்லது? கைநடுக்கம் உள்ள மூத்த பேராசிரியருக்கும் இருபது வயது நிரலருக்கும் ஒரே எண் பொருந்தும் என்பது பொறியியல் முடிவன்று, அசட்டை.

இது வெறும் எரிச்சல் சார்ந்த சிக்கல் என்று ஒதுக்குவோர் தரவு உள்ளிடுவோரைப் பார்த்ததில்லை போலும். பல செயலிகளில் எண் பெட்டியின்மேலோ தெரிவுப் பட்டியலின்மேலோ சுட்டி இருக்கும்போது உருட்டினால், பக்கம் நகராமல் மதிப்பு மாறிவிடுகிறது. கள ஆய்வுப் படிவத்தில் 34 என்றிருந்த வயது 37 ஆகிறது. எச்சரிக்கை ஏதும் வருவதில்லை. மிகையாகத் துள்ளும் டச்பேடில் இந்த விபத்து எளிதில் நேர்கிறது. பின்னர் அட்டவணையில் அதைக் கண்டுபிடிப்பது அரிது.

முறையிடுபவருக்குக் கிடைக்கும் வழக்கமான மறுமொழி, 'டெர்மினலைத் திற' என்பது. எக்ஸ்11 இல் உண்மையாகவே ஒரு வழி உண்டு: சக்கரத்தின் ஒரு சொடுக்குக்கு இணையான தொலைவை இயல்பான 15இலிருந்து 50 வரை உயர்த்தலாம். வேலண்டுக்கு மாறியதும் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸின் மறைவான உள்ளமைவுப் பக்கத்தில் ஒரு பெருக்கெண் உண்டு, ஆனால் அது ஃபயர்பாக்ஸோடு நின்றுவிடும். லிப்இன்புட்டின் விடைகளை இடைமறித்துத் திருத்தும் வெளியார் நிரலும் உண்டு. மானுடவியல் மாணவர் அதை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவ வேண்டுமாம்! இத்தனைக்கும் கேடிஇ பிளாஸ்மா ஒரு ஸ்லைடரை வைத்துவிட்டது. ஸ்வேயில் உள்ளமைவுக் கோப்பில் ஒரு வரி போதும். வேலண்டிலும் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்திய அரசு 2015இல் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை வெளியிட்டது. கல்வி நிறுவனங்களில் அதற்காக வாதிடுவோர் உரிமக் கட்டணம் மிச்சமாவதைப் பேசுகிறார்கள், மூலநிரலைத் திருத்தும் சுதந்திரத்தைப் பேசுகிறார்கள். திருத்தத் தெரியாத வாசகரின் சுதந்திரம் அமைவுப் பக்கத்தில்தான் குடியிருக்கிறது என்பதை மட்டும் பேசுவதில்லை. ஓர் ஆய்வகத்துக்கு லினக்ஸ் மடிக்கணினிகள் வாங்கும் குழு, ஒப்புதல் கையொப்பம் இடுவதற்கு முன் முந்நூறு பக்க பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, கணினித் துறையைச் சாராத ஒருவரிடம் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு வரியில் நிறுத்தச் சொல்லிப் பார்க்கட்டும். நிற்கவில்லையெனில் அதை வழுவாகப் பதிவு செய்யட்டும். மிச்சமான உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கை, அந்த ஸ்லைடரை எழுதித் தரும் நிரலருக்குக் கொடுக்கட்டும்.