குதிரை, எருமை, நடுநிலை

சென்ற மாதம் வந்த ஒரு சகோதர இதழ் இதழியலுக்கென்று சிறப்பிதழ் போட்டிருக்கிறது. அதன் முதல் கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. முதல் பாதியில், செய்தியில் உண்மை என்று ஒன்று கிடையாது, இருப்பதெல்லாம் பார்வைக் கோணங்கள்தான் என்கிறார்கள். இரண்டாம் பாதியில் நெய்யாற்றின்கரைக்கு வந்து, சுவதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையைச் சார்பே தீண்டாத சத்திய வடிவமாக்கி மாலை போடுகிறார்கள். உண்மையே கிடையாதென்றால் அவர் எதற்காக நாடு கடத்தப்பட்டார் என்று மெய்ப்புப் பார்த்தவராவது கேட்டிருக்கலாம்.

பிள்ளை எங்கள் பக்கத்துக்காரர். 1878-இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தார். வக்கம் மௌலவி சொந்தப் பணத்தைக் கொட்டித் தொடங்கிய ‘சுவதேசாபிமானி’க்கு 1906-இல் ஆசிரியரானார். மௌலவி ஆசிரியரின் பேனாவில் கைவைக்கவில்லை. சிறப்பிதழ் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறது. பத்திரிகை முதலாளிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அதுதான் பெரிய அதிசயம். திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியையும் அரண்மனையை அண்டிப் பிழைத்தவர்களையும் பிள்ளை இதழுக்கு இதழ் கிழித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறித்தார்கள், ஆசிரியரைப் பிடித்தார்கள், ஆரல்வாய்மொழிக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்குத் திருவிதாங்கூரின் எல்லை அங்கே. இன்றைக்கென்றால் இஞ்சிவிளையில் இறக்கிவிட்டு ஜீப்பைத் திருப்பியிருப்பார்கள். 1916 மார்ச் 28-இல் கண்ணூரில் இறந்தபோது அவருக்கு 38 வயது நிறையவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போக அனுமதி வேண்டும். பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு நூல்தான் படிப்பேன் என்பவருக்கு நான் கொடுப்பது அவர் மனைவி பி. கல்யாணி அம்மா எழுதிய ‘வியாழவட்ட ஸ்மரணகள்’. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது 1904 முதல் 1916 வரை பன்னிரண்டு ஆண்டு, ஒரு வியாழவட்டம். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயதில் கையில் கிடைத்த அந்த நூலுக்கு அப்புறம்தான், நினைவுக்குறிப்பு என்பதும் ஓர் இலக்கிய வகை என்று எனக்குப் புத்தியில் உறைத்தது. மனைவியின் பார்வை சார்புள்ளதுதான்; அதை அவர் மறைக்கவும் இல்லை. சார்பை ஒளிக்காமல் எழுதியவரை நம்ப முடிகிறது. நம் சிறப்பிதழை நம்ப முடியவில்லை. அது ஒளித்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

1910-இல் புலையர் வீட்டுக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு பள்ளியில் சேர்க்க அரசு உத்தரவு வந்தது. பிள்ளை அதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அறிவைப் பயிரிட்ட சாதியையும் நிலத்தைப் பயிரிட்ட சாதியையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போலாகும் என்பது அதன் சாரம். அதே கைதான் இரண்டே ஆண்டில், 1912-இல், மலையாளத்தின் முதல் கார்ல் மார்க்ஸ் வரலாற்றையும், பத்திரிகைத் தொழிலுக்கான முதல் பாடநூலான ‘விருத்தாந்தபத்ரப்ரவர்த்தன’த்தையும் எழுதியது. பள்ளி உத்தரவுக்குப் பின்னால் நின்றதோ பிள்ளை வெறுத்த அதே திவான்.

திவான் தமிழர் என்று தெரிந்ததும் எல்லைக்கு இப்புறம் உள்ள சில நண்பர்களுக்கு முகம் மலர்கிறது. மலர வேண்டாம். பள்ளிக் கதவைத் திறந்தவர்தான் அச்சகக் கதவைப் பூட்டினார். ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழுவ முடியாது.

அந்தத் தலையங்கத்தில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. உத்தரவு வந்தது உண்மை, குழந்தைகள் சேர வந்தது உண்மை. துணிச்சலுக்கும் குறைவில்லை, அரசை எதிர்த்துத்தான் எழுதினார். யாரிடமும் காசு வாங்கிக்கொண்டும் எழுதவில்லை. நாம் நேர்மையான பத்திரிகைக்காரனுக்கு இருக்க வேண்டியவை என்று அடுக்கும் இலக்கணம் அத்தனையும் அவரிடம் இருந்தது. இருந்தும் அப்படி எழுதினார். ஏன் என்று கேட்காமல் செய்தியின் நடுநிலை பற்றிச் சிறப்பிதழ் போடுவது என்ன ஜாதி ஆராய்ச்சி?

என் பதில் சின்னது. அவர் அந்தக் குழந்தைகளின் வீட்டுத் திண்ணைக்குப் போகவில்லை. திவானைப் பற்றி எழுத ஆயிரம் பேரிடம் விசாரித்தவருக்கு, எருமை என்று சொல்லப்பட்டவர்களிடம் விசாரிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அவர்களோ பேசாமல் இருக்கவில்லை. தங்கள் தலைவர் வெங்ஙானூர் அய்யன்காளியின் பின்னால் நின்று, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் ஏலாவில் இறங்கமாட்டோம் என்று வயல்வேலையை நிறுத்தியவர்கள். கூலி உயர்வுக்கு முன் எழுத்துக்காகப் பட்டினி கிடந்த வேலைநிறுத்தம் உலகத்தில் வேறு எங்கே நடந்தது? அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைபிடித்துப் பள்ளிக்குள் கூட்டிப்போனார். அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். தீயில் தப்பிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. கருகின பலகை. 2022-இல் அய்யன்காளி, பஞ்சமி பெயர்களைப் பள்ளிக்கு வைத்தார்கள். சிறப்பிதழ்க்காரர் நெய்யாற்றின்கரை வரை வந்தவர், இன்னும் சில மைல் போயிருக்கலாம்.

சார்பு கண்ணை மறைத்த இன்னொரு கதை: அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் 1920-இல் ஒரு வேலை செய்தார்கள். ரஷ்யப் புரட்சி பற்றி நியூயார்க்கின் பெரிய நாளிதழ் ஒன்று எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தார்கள். போல்ஷ்விக்குகள் விழப்போகிறார்கள், அல்லது விழுந்துவிட்டார்கள் என்று அந்தப் பேப்பர் 91 முறை எழுதியிருந்தது. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. நிருபர்களும் ஆசிரியர்களும் ஆசைப்பட்டதை அச்சடித்தார்கள். லிப்மன் இதிலிருந்து போனது ‘எல்லாம் கோணம்தான்’ என்ற இடத்துக்கு அல்ல. மனிதன் சார்புள்ளவன், அதனால் அவன் சோதிக்கும் முறையாவது கறாராக இருக்கட்டும் என்றார். லிப்மனோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, குறிப்பாக ஜனங்களை அவர் மந்தையாகப் பார்ப்பதில். இந்த ஒன்றில் இல்லை.

சிறப்பிதழ்க் கட்டுரையாளர் குரோசவாவின் ‘ராஷோமோன்’ படத்தை இழுப்பார் என்று மூன்றாம் பத்தியிலேயே எதிர்பார்த்தேன். ஐந்தாம் பத்தியில் இழுத்தார். திருவனந்தபுரத்துத் திரைப்படச் சங்கங்களின் பொற்காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த எல்லோரும் அவனவனுக்கு அவனவன் உண்மை என்று சொல்லிக்கொண்டு பீடி பற்றவைத்தோம். அதற்குப் பிறகு அமைப்பியல் வந்தது. ஆசிரியன் செத்தான் என்று அறிவித்த இதழ்களெல்லாம் வரிசையாகச் செத்தன. ஆயுள் சந்தா கட்டியவர்கள் மட்டும் உயிரோடு இருக்கிறோம். ராஷோமோனில் ஒரு கத்தி காணாமல் போகிறது, ஞாபகம் இருக்கிறதா? முத்துப் பதித்த குறுவாள். தான் பார்த்ததைச் சொல்லவந்த விறகுவெட்டியே அதைத் திருடியவன். அதனால்தான் நீதிமன்றத்தில் அவன் சொன்ன சாட்சியத்தில் கத்தி வரவில்லை. நாலு பேர் நாலு கதை சொல்லட்டும், கத்தி நாலு இடத்தில் இருக்க முடியாது. ‘எல்லாம் கோணம்’ என்பவரின் மடியை முதலில் சோதிக்க வேண்டும் என்று குரோசவா சொன்னதாகவே இப்போது எனக்குப் படுகிறது.

எல்லையில் இருக்கும் எங்களுக்கு இது புத்தகச் சமாச்சாரம் இல்லை. பாறசாலை பக்கத்துச் சாயக்கடையில் மலையாளப் பேப்பரும் தமிழ்ப் பேப்பரும் ஒரே பெஞ்சில் கிடக்கும். கேரளத்திலிருந்து வரும் நெய்யாறு இடதுகரைச் சானலில் விளவங்கோடு பக்கம் 2004-இலிருந்து தண்ணீர் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தமிழ்ப் பேப்பரில் கேரளத்தின் வஞ்சகமாக வருகிறது, தேர்தல் வந்தால் கொட்டை எழுத்தில். மலையாளப் பேப்பரில் பெரும்பாலும் வருவதே இல்லை. சானல் கரையில் நெல்லை விட்டு வாழைக்கும் ரப்பருக்கும் போனவன் இரண்டிலும் இல்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டதற்கு இன்றும் இரண்டு வரலாறு நடக்கிறது. ஒன்றில் தியாகிகள், இன்னொன்றில் சட்டம் ஒழுங்கு. அன்றைய முதல்வர் பட்டம் தாணுபிள்ளையின் சொந்தக் கட்சிக்குள்ளிருந்தே, சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று லோகியா சொன்னாரே, அது இரண்டு வரலாற்றுக்கும் வசதிப்படவில்லை.

இந்த இரட்டை வரலாற்றுக்கு மருந்தாகத் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்திருப்பது நான்கு பெட்டி. ஆதரவுக்கு இருவர், எதிர்ப்புக்கு இருவர், நடுவில் சமநிலை. ஊரூட்டம்பலத்தை அவர்கள் நடத்தியிருந்தால் தீ வைத்தவருக்கு ஒரு பெட்டி, பஞ்சமியின் அப்பனுக்கு ஒரு பெட்டி, விளம்பர இடைவேளைக்குப் பிறகு கல்வியாளர் ஒருவர். நம் சிற்றிதழ்கள் அதைவிட மேலா? ஒரு நிருபனைக்கூட எங்கும் அனுப்பாமல் நாற்பது வருஷமாகக் கருத்தை மட்டும் அச்சடிக்கிறோம். கருத்துக்குப் பஸ் கூலி தேவைப்படுவதில்லை.

சிறப்பிதழ்க்காரர் மறுப்பு எழுதினால் அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்குகிறேன், ஒரு வரி வெட்டமாட்டேன். ஒரே நிபந்தனை. 1910-இன் அந்தக் குதிரை எருமைத் தலையங்கத்தை முழுதாகத் தமிழாக்கி முதல் பக்கத்தில் போட வேண்டும். மொழிபெயர்ப்பில் உதவி தேவைப்பட்டால் பாறசாலையில் பத்தாம் வகுப்புப் படிக்கிற எந்தப் பிள்ளையும் செய்துகொடுக்கும்.