சொட்டுத் தண்ணீரும் சொத்துதான்!

"பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான்" என்று ஊதாரியைப் பற்றிச் சொல்வார்கள். தண்ணீர் சும்மா கிடைத்த காலத்தில் பிறந்த பேச்சு அது. இன்று காசு கொடுத்தால்தான் பல வீடுகளில் தண்ணீர். ஆகவே, "தண்ணீரைப் பணம்போலச் செலவழி" என்றுதான் பிள்ளைகளுக்கு இனிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2019-ம் ஆண்டுக் கோடையைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய 4 ஏரிகளும் வறண்டன. தெருத் தெருவாகக் குடங்கள் வரிசையில் நின்றன. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். குடிக்கும் தண்ணீருக்கே ரெயிலை எதிர்பார்க்கும் நிலை!

அதே சென்னைதான் 2015-ம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்தது. அன்று அவ்வளவு பெய்த மழை எங்கே போயிற்று? பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று. மண்ணுக்குள் இறங்க வழி விட்டிருந்தால், அதில் கொஞ்சமாவது கிணற்றுக்கு வந்திருக்கும்.

கூரை தரும் தண்ணீர்

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடி உள்ள வீட்டில், அது 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். பாதி வீணாய்ப் போனாலும் 65 ஆயிரம் லிட்டர் மிஞ்சும். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் வாங்கினால் 5 லாரிக்கு மேல்!

இதை உணர்ந்துதான் 2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் சட்டத்துக்காகத் தோண்டிய குழி, பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. குழாய் வாயில் இலையும் குப்பையும் அடைத்திருக்கின்றன. குழி எங்கே இருக்கிறது என்பதே சில வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பு மாடியைப் பெருக்க வேண்டும். குழாய் வாயில் உள்ள குப்பையை எடுக்க வேண்டும். குழியில் இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் அள்ளி, கழுவி, மறுபடி போட வேண்டும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டு, பிறகு வரும் மழையைக் குழிக்குத் திருப்ப வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அரை நாள் வேலை. அவ்வளவுதான்.

இதைச் செய்யாமல் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கடற்கரைப் பக்கத்தில் நல்ல தண்ணீர் குறையக் குறைய, அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் புகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் இது நடந்துவிட்டது.

ஒரு சொட்டு என்ன ஆகும்?

"குழாய் சொட்டினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், ஒரு நாளில் 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்தாலும், நாளுக்கு 4 லிட்டருக்கு மேல். ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு வாஷர்தான் இதற்குக் காரணம். அதை மாற்றச் சில ரூபாய் போதும்.

பல் துலக்கும்போது குழாயைத் திறந்து விட்டு நிற்பது இன்னொரு கெட்ட பழக்கம். நிமிடத்துக்கு 5 லிட்டர் கொட்டும் குழாயில், 3 நிமிடத்தில் ஒரு குடம் சாக்கடைக்குப் போகிறது. ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும்.

கழுநீர்ப் பானை

பாட்டிமார் காலத்து வீடுகளில் கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீரும், வடித்த கஞ்சியும், காய்கறித் தோலும் அதில் சேரும். மாடு குடிக்கும். குளித்த தண்ணீர் கொல்லையில் வாழைக்கும் கல்வாழைக்கும் போகும். எதுவும் ஒரு முறையோடு வீணானதில்லை.

இன்று மாடு இல்லை. பல வீடுகளில் கொல்லையும் இல்லை. ஆனாலும் அரிசி களைந்த தண்ணீரைத் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி உள்ள வீட்டில் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது. அதை ஒரு வாளியில் பிடித்தால் வீடு துடைக்கவும், கழிவறைக்கும் உதவும். அதில் உப்பு அதிகம் இருக்கும் என்பதால் செடிக்கு மட்டும் ஊற்றாமல் இருப்பது நல்லது.

குடம் யார் இடுப்பில்?

தண்ணீர்ப் பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டுவது இல்லை. வசதி உள்ளவர் போன் செய்தால் லாரி வருகிறது. ஏழை வீட்டுப் பெண் விடியுமுன் எழுந்து வரிசையில் நிற்கிறாள். 15 லிட்டர்க் குடம் 15 கிலோ கனம். அதை இடுப்பில் வைத்து மாடி ஏறும் பெண்ணுக்கு, மூன்று நிமிடம் திறந்து கிடந்த குழாயின் விலை தெரியும். வாசலில் ரப்பர்க் குழாய் பிடித்து வண்டி கழுவும் ஆண்மகனுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் பிடிக்கும் வேலையை அவரும் ஒரு வாரம் செய்யட்டும். சிக்கனம் தானாக வரும்!

"காசு கொடுக்கிறேன், செலவழிக்கிறேன், யார் கேட்பது?" என்பது நியாயம் அல்ல. 2019-ல் சென்னைக்கு வந்த லாரித் தண்ணீரில் ஒரு பகுதி, பக்கத்துக் கிராமங்களின் வயல் கிணறுகளில் இருந்து வந்தது. அங்கே கிணறு வற்றினால் பயிர் வாடும். அந்த இழப்புக்கு எந்த லாரிக் கூலியும் ஈடாகாது.

"அரசாங்கம் ஏரியைத் தூர் வாரட்டும், உடைந்த குழாயைச் சரி செய்யட்டும், வீட்டில் ஒரு செம்பு மிச்சம் பிடித்து என்ன பயன்?" என்றும் கேட்கலாம். அரசாங்கம் அதைச் செய்யத்தான் வேண்டும். அதைத் தட்டிக் கேட்பது மக்களின் உரிமை. ஆனால் ஏரி நிறையும்வரை வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டியது இல்லையே! இரண்டும் நடக்க வேண்டும்.

வீட்டில் பால் கணக்கு எழுதுகிறார்கள். மளிகைக் கணக்கு எழுதுகிறார்கள். தண்ணீருக்கும் ஒரு கணக்கு எழுதலாம். நாளுக்கு எத்தனை வாளி, எத்தனை குடம் என்று எழுதும் பொறுப்பைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுக்கலாம். சொட்டும் குழாயை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.