நாய் தள்ளாடினால் உண்மையைச் சொல்லுங்கள்

வீட்டுக்குள் இருக்கும் கஞ்சாவும் நாம் வளர்க்கும் பிராணிகளும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வீட்டு நாய் நடக்கும்போது பின்னங்கால் பின்னிக்கொள்கிறது. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. வாயில் வீணீர் வடிகிறது. தன்னை அறியாமலே சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது. யாராவது கை தட்டினால் திடுக்கிட்டு விழுகிறது. இப்படியொரு நாயைக் கண்டால் எங்கள் ஊர்களில் முதலில் எழும் சொல் "விசர்". அடுத்த ஆள் பொல்லுத் தேடிப் போய்விடுவார்.

அது விசர் பிடித்த நாயாக இருக்கலாம். வயலுக்கு அடித்த பூச்சிமருந்தை நக்கியிருக்கலாம். விரியன் தீண்டியிருக்கலாம். வீட்டில் ஒருவர் ஒளித்து வைத்த கஞ்சாவைத் தின்றிருக்கவும் கூடும். முதல் மூன்றையும் வீட்டார் வாய்விட்டுச் சொல்வார்கள். நாலாவதைச் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தால் பிராணிகள் படும் பாட்டைப் பற்றியதே இந்த அறிக்கை.

நாங்கள் மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், நாய் பூனை ஆடு மாடு வளர்ப்பவர்களும் அவற்றுக்காக வேலை செய்பவர்களும் கூடிய சங்கம். கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது குற்றம்; ஆயுர்வேத மருந்துக்கு மட்டும் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. ஆனாலும் அது வீடுகளுக்குள் இருக்கிறது. வடக்குக் கடல் வழியே வரும் 'கேரள கஞ்சா' பொலிஸ் செய்திகளில் மட்டும் நிற்பதில்லை. கஞ்சாவோடு இனிப்பும் நெய்யும் சேர்த்து உருட்டிய மதனமோதகம் சின்னப் பொட்டலங்களாகப் பெட்டிக்கடை வரை வந்து சேர்கிறது. கனடாவில் 2019 ஒக்டோபரில் சட்டம் அனுமதித்த பின் கஞ்சா கலந்த இனிப்புகளும் சொக்லேட்டுகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. திருவிழாவுக்கு ஊர் வரும் உறவினரின் பயணப்பெட்டியில் அப்படியொன்று இருந்தால், அதைப் பார்த்து மட்டும் யாராலும் அடையாளம் காண முடியாது.

நாய்க்கு மூக்குத்தான் கண். நெய் மணமும் சீனி மணமும் எங்கே இருந்தாலும் போய்ச் சேரும். தின்று அரை மணி முதல் ஒன்றரை மணிக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரியும். கஞ்சாவில் போதை தருகிற பொருள் மூளையின் சில வாங்கிகளில் போய் ஒட்டுகிறது. உடம்பைச் சமநிலையில் வைத்திருக்கும் சிறுமூளையில், மனிதரை விட நாய்க்கு அந்த வாங்கிகள் மிக அதிகம். மனிதருக்குக் கண் சொருகும் அளவு, நாயை நிற்கவிடாமல் ஆட்டுவது அதனால்தான். இதயத் துடிப்புக் குறையலாம், உடம்பு குளிர்ந்து போகலாம், சில நாய்கள் சத்தி எடுக்கும், சில அமைதியின்றிக் கத்தும். பெரும்பாலானவை ஒரு நாளில் எழுந்துவிடுகின்றன. சிலவற்றுக்கு மூன்று நாளும் ஆகும்.

இதனால் நாய் சாவது அரிது. அதை மறைத்து உங்களைப் பயமுறுத்த நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அரிது என்றால் இல்லை என்றல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, கஞ்சா சேர்த்த வெண்ணெயில் செய்த பண்டத்தைத் தின்ற இரண்டு நாய்கள் இறந்ததைப் பதிவு செய்தது. கனடாவில் ஒரு பொதி இனிப்பில் அதிகபட்சம் 10 மில்லிகிராம் போதைப்பொருள்தான் இருக்கலாம் என்பது விதி. அது வளர்ந்த மனிதரை மனதில் வைத்துப் போட்ட அளவு. மூன்று கிலோ நாய்க்குட்டி அதை ஒரே வாயில் விழுங்கிவிடும். சொக்லேட்டும் முந்திரிகை வற்றலும் தாமே நாய்க்கு நஞ்சு. கஞ்சா அவற்றோடு சேர்ந்து வந்தால் ஆபத்து இரட்டிப்பு.

இனி, எங்களுக்கு மிகவும் முக்கியமான விடயம்.

மிருக வைத்தியரின் மேசையில் கிடத்தப்பட்ட நாயால் என்ன தின்றது என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்து என்றால் அத்ரோபின் ஊசி வேண்டும். பாம்பு என்றால் விஷமுறிவு. கஞ்சா என்றால் உடம்பைச் சூடாக வைத்து, சேலைன் ஏற்றி, மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மனிதரின் சிறுநீரில் கஞ்சாவைக் காட்டும் பரிசோதனை அட்டை, கஞ்சா தின்ற நாயிலும் பல வேளைகளில் 'இல்லை' என்றே காட்டுகிறது. ஆகவே வீட்டாரின் வாய்ச்சொல்லே பரிசோதனை. "வயல் பக்கம் போயிருக்கும் டொக்டர்" என்று தலையைக் குனிந்து சொல்லும் ஒரு பொய், தேவையில்லாத ஊசியையும் வீண் செலவையும் இழந்த நேரத்தையும் கொண்டு வருகிறது. மகனைப் பொலிஸ் பிடித்துவிடுமோ என்ற தாயின் பயம் எங்களுக்குப் புரிகிறது. அவரைக் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. அவர் பயமின்றிப் பேசக்கூடிய இடமாக வைத்தியரின் அறை இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. மூன்று விபரம் போதும்: என்ன தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, எத்தனை மணிக்கு. யார் கொண்டு வந்தது, எங்கே வாங்கியது என்பது சிகிச்சைக்கு வேண்டாத கேள்வி. அதை எந்த வைத்தியரும் கேட்கக் கூடாது என்று நாங்கள் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்கிறோம்.

விசர் என்ற சந்தேகம் இருந்தால் கவனம் வேண்டும், குறிப்பாகத் தடுப்பூசி போடாத நாய் என்றால். வெறுங்கையால் வாயைத் தொடாதீர்கள். ஓர் அறையிலோ கொட்டிலிலோ அடைத்துவிட்டு, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். கடித்திருந்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் தள்ளாடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாயை அடித்துக் கொல்வதை நாங்கள் எந்த வகையிலும் ஏற்கமாட்டோம். தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசே 2006இல் கொள்கை வகுத்த நாடு இது.

நஞ்சு தின்றது என்றவுடன் தேசிக்காய்ப்புளி, புளிக்கரைசல், உப்புத்தண்ணீர், தேங்காயெண்ணெய் என்று எதையாவது வாயைப் பிளந்து ஊற்றுவது நம்மிடையே உள்ள பழக்கம். தயவுசெய்து நிறுத்துங்கள். மயங்கிய நாய்க்கு விழுங்கும் சக்தி குறைவு. ஊற்றியது சுவாசப்பைக்குள் இறங்கும். உப்பு தன்பங்குக்கு வேறொரு நஞ்சாக மாறும். சத்தி எடுக்க வைப்பதா இல்லையா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். போகும் வழியில் நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை: சாக்கிலோ பழைய சாரத்திலோ சுற்றிச் சூடாக வையுங்கள், பக்கவாட்டில் கிடத்துங்கள், சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் கொண்டு போங்கள். தின்றதில் மிச்சமோ கடதாசியோ இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் கஞ்சா இருக்கவே கூடாது என்பது முதல் பாதுகாப்பு. இருந்தால், அலுமாரியின் மேல்தட்டுப் போதாது; பூனை ஏறும். இறுக்கமான மூடியுள்ள டின்னில் போட்டு, பூட்டும் லாச்சிக்குள் வையுங்கள். புகைத்து முடித்த துண்டை வளவுக்குள் எறியாதீர்கள். சிறிய அறைக்குள் புகைத்தால் அந்தப் புகையைப் பூனையும் கூட்டுக்கிளியும்தான் சுவாசிக்கின்றன. இன்னொன்றைக் கூச்சமின்றிச் சொல்லியாக வேண்டும்: கஞ்சா உட்கொண்டவரின் மலத்தைத் தின்றும் நாய்களுக்கு மயக்கம் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாவிக்கரையிலும் பற்றைக்குள்ளும் மலம் கழிக்கும் இடங்களில் நாய்கள் திரிகின்றன. கழிப்பறையைப் பயன்படுத்துவதும் பிராணிப் பாதுகாப்புத்தான்.

விளையாட்டுக்காகக் குட்டியின் முகத்தில் புகை ஊதி அது விழுந்து எழுவதைக் கைபேசியில் பிடிப்பது விளையாட்டு அல்ல, சித்திரவதை. விலங்குகளுக்கு வதை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்திய அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்கும் கோரிக்கையில் நாங்களும் சேர்கிறோம்.

மாடு வளர்ப்போருக்கும் ஒரு சொல். பாகிஸ்தானின் வடபகுதியில் காட்டுக் கஞ்சாவை மேய்ந்த எருமைகளின் பாலைக் குடித்த பிள்ளைகளின் சிறுநீரில் அதன் எச்சம் காணப்பட்டதாக 1990இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜெர்மனியில் 2022இல் வெளியான பரிசோதனையிலும் அந்தச் செடியைத் தின்ற பசுக்கள் சோர்ந்து தள்ளாடின. பாலிலும் போதைப்பொருள் இறங்கியது. அது கொழுப்பில் கரையும் பொருள். எருமைத் தயிருக்குப் பெயர் போன மட்டக்களப்பில், பிடிபட்ட செடிகளையோ குப்பையையோ மேய்ச்சல் நிலத்தில் கொட்டாமல் முறையாக அழிக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் வேண்டுகிறோம்.

மதனமோதகமும் கஞ்சா சேர்ந்த லேகியமும் விற்போர், "பிள்ளைகளுக்கும் பிராணிகளுக்கும் எட்டாமல் வைக்கவும்" என்ற வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக அச்சிட வேண்டும். கிழக்கு மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், வைத்தியரிடம் வளர்ப்பவர் சொல்வது சிகிச்சைக்கு மட்டுமே பயன்படும் என்று எழுத்தில் அறிவித்து, ஒவ்வொரு கால்நடை வைத்திய அலுவலகத்தின் வாசலிலும் ஒட்ட வேண்டும். இரவிலும் ஒரு வைத்தியரை அழைக்கும் முறை மாவட்டத்துக்கு வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் படுவான்கரையின் ஒரு பகுதிக்கு வழி சுருங்கியது. அம்பிளாந்துறையிலும் மண்டூரிலும் இன்னும் 'பாதை' என்னும் மிதவைப் படகுக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடக்கிறார்கள். பாதை நின்ற பிறகு குளிர்ந்து கிடக்கும் நாயை மடியில் வைத்திருப்பவருக்கு, அக்கரையிலிருந்து தொலைபேசியில் பேச ஒரு வைத்தியராவது வேண்டும். அந்த இலக்கம் கிடைத்த அன்றே அதை இரண்டு துறையடியிலும் எழுதி ஒட்டும் வேலையை எங்கள் சங்கம் ஏற்றுக்கொள்கிறது.