கல்விச் சுற்றுலாவாம்!

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே,

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தினேன். தலைப்பு, ‘நான் சென்ற கல்விச் சுற்றுலா’. அத்தனை பேரும் கெந்திங் மலை ரோலர் கோஸ்டர்களையே எழுதியிருந்தனர்: எது வேகம், எது உயரம், எதில் வாந்தி வரும்! மிகச் சிறப்பாக எழுதிய மாணவன் பேருந்தில் ஏறவே இல்லை. கட்டணம் செலுத்தத் தோட்டத்தில் வேலை செய்யும் அவன் தாயால் இயலவில்லை. நண்பர்கள் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறான்.

2022-இல் திறக்கப்பட்ட ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவோடு எனக்குப் பகையில்லை. பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழட்டும். அதற்குக் ‘கல்வி’ என்று பெயர் எதற்கு? உச்சிக்கு இழுக்கப்பட்ட வண்டியைக் கீழே பாய வைப்பது புவியீர்ப்பு என்பதைக்கூட எவரும் சொல்லித் தரவில்லை. (உடன் சென்ற ஆசிரியர்களும் வரிசையில்தான் நின்றார்களாம்.)

இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் நம் கெடாவே என மேடைதோறும் முழங்குகிறோம். மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் சண்டி நம் வாசலிலேயே இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தபோது கொதித்தோமே, அதற்கு முன் அங்கே பிள்ளைகளை அழைத்துச் சென்றவர் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்: பள்ளிப் பேருந்து மெர்போக்கிற்குப் போகட்டும், ஒரு பிள்ளையும் விடுபடாமல். கெந்திங்கிற்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள்.