காப்பாற்ற வந்தவன் கைதியாகக் கூடாது



பெங்களூரின் மர்பி டவுனிலும் அல்சூரிலும் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் மனதில் ஒரு கேள்வி நெருப்பாக இருக்கிறது. "பவுடர் வித்தவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் நிற்கிறான். அவன் வித்ததைப் போட்டு ஒரு பிள்ளை செத்தால், அது கொலை இல்லையா?"

நியாயமான கேள்வி. நம் சட்டம் சொல்லும் பதில்தான் மனதுக்கு ஆறுதலாக இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பிடிபட்ட எடையை வைத்தே தண்டனையைத் தீர்மானிக்கிறது. ஹெராயின் 5 கிராம் வரை என்றால் அதிகபட்சம் ஓராண்டு சிறை. 250 கிராமைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள். அதை வாங்கிப் போட்டவர் இறந்தாரா, பிழைத்தாரா என்பது இந்தக் கணக்கில் வருவதில்லை. மரணத்துக்குத் தண்டனை வேண்டுமென்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 105, 106 பிரிவுகளுக்குப் போய், விற்றவனின் அறிவையோ அலட்சியத்தையோ தனியாக நிரூபிக்க வேண்டும்.

சாராயச் சாவுகளில் சட்டம் வேறு வழியில் போயிருக்கிறது. 1981 ஜூலையில் கள்ளச்சாராயம் குடித்து 300-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த ஊர் நம் பெங்களூர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. விற்ற சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் கடுங்காவல், 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

போதைப்பொருளுக்கும் அப்படியே ஒரு சட்டம் போட்டால் போதுமா? அமெரிக்காவின் அனுபவம் நம்மை நிதானிக்கச் சொல்கிறது. 1986-இல் கூடைப்பந்து வீரர் லென் பயஸ், பாஸ்டன் அணிக்குத் தேர்வான இரண்டாம் நாளே கொக்கெய்னால் இறந்தார். நாடே கொதித்தது. அந்த ஆண்டே வந்த சட்டம், விற்ற போதையால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 20 ஆண்டு சிறை என்றது. இறந்தவர் உடலில் பல மருந்துகள் இருந்தால் எது கொன்றது? 2014-இல் பரேஜ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரையறுத்தது: அந்தப் பொருள் இல்லாதிருந்தால் மரணம் நேர்ந்திருக்காது என்று நிரூபிக்க வேண்டும், சாவுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது மட்டும் போதாது.

அமெரிக்க மாநிலங்களின் இதுபோன்ற சட்டங்களில் பெரிய வியாபாரிகள் மட்டும் சிக்கவில்லை. காசைச் சேர்த்துப்போட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்ட நண்பர்களும் காதலர்களும் சிக்கினார்கள். கூட இருப்பவன் மயங்கி விழும்போது, "ஆம்புலன்சைக் கூப்பிட்டால் கொலை கேஸ் வருமோ?" என்று ஒரு இளைஞன் தயங்கினால், அந்தச் சில நிமிடங்களிலேயே மூச்சு நின்றுவிடும். ஹெராயின் போன்ற போதையில் மூச்சு அடங்குபவரை, நலாக்சோன் ஊசி நேரத்தோடு கிடைத்தால் மீட்க முடியும்.

அதனால் என் நிலையைத் திறந்தே சொல்கிறேன். லாபத்துக்காக விற்று உயிர் பறித்தவனுக்குக் கடுந்தண்டனை வேண்டும். காரணம் ஐயமற நிரூபிக்கப்பட வேண்டும். உதவிக்கு அழைத்த நண்பனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும். விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அத்தகைய பாதுகாப்பைத் தந்திருக்கிறது. போதையில் விழுந்தவரைத் தூக்குபவருக்கு மட்டும் ஏன் கூடாது? வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பழக்கத்தில் விழுந்தவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது. நிமான்ஸ் மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. இலவச ஆலோசனைக்கு 14446. வீட்டு மானம் போய்விடும் என்று பிள்ளையை அறைக்குள் பூட்டாதீர்கள்.

தம்பி தங்கைகளே, கூட இருப்பவர் எழுப்பியும் எழாவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன போட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தண்டனை எதுவானாலும் அது சாவுக்குப் பிறகு வருவது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்