விழாப் பணமும் மலைப் பாடசாலையும்

விழா மலரில் மண்டபத்தையும் மைதானத்தையும் போற்றுதல் மரபு. நிற்க. ராகலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி நுவரெலியாவிற் படிக்கச் செல்லும் பிள்ளையின் நிலையையும் நாம் சிறிது எண்ணுதல் தகும்.

இலவசக் கல்வி 1945இல் இந்நாட்டிற்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளையோ அரசு 1977 முதலே படிப்படியாகப் பொறுப்பேற்றது. அத்தாமதத்தின் தழும்பு பாடசாலைத் தரங்களில் இன்றும் தெரிகின்றது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலைகளுக்கே உரியது. 1சி பாடசாலைகளிற் கலையும் வர்த்தகமுமே உண்டு. ஆகவே மருத்துவம் விரும்பும் தோட்டத்துப் பிள்ளை, உயிரியல் படிக்குமுன் பஸ் கட்டணத்தைக் கணக்கிட வேண்டியுள்ளது.

ஆய்வுகூடம் இன்மையினும் கொடியது நிலையான அதிபர் இன்மை. கடமை நிறைவேற்று அதிபராக அமர்ந்தவர், அடுத்த தவணையில் தாம் அங்கிருப்போமா என்றறியார். அவர் எங்ஙனம் ஐந்தாண்டுத் திட்டம் வகுப்பார்? ஆசிரியரிடம் எவ்வளவு கண்டிப்புக் காட்டுவார்? நகரக் கல்லூரியில் அதிபர் தளர்ந்தாலும் பழைய மாணவர் சங்கம் தாங்கும். நாட்சம்பளம் பெறும் பெற்றோர் அவ்வாறு தாங்குதல் இயலுமோ?

சிலருக்கு இது கசக்கலாம். நானும் இச்சங்கத்திற்குச் சந்தா கொடுப்பவனே. நம்மையொத்த சங்கங்களின் ஈகையும் இவ்வேற்றுமையை வளர்க்கின்றது. நமக்கு இன்னுமோர் அரங்கு வேண்டியதில்லை. அந்நிதியின் ஒரு பகுதி ராகலைப் பகுதிப் பாடசாலையொன்றின் ஆய்வுகூடத்திற்குச் செல்லட்டும். நிரந்தர அதிபர் கோரும் விண்ணப்பமொன்று, நம் சங்கத்தின் கையொப்பத்துடன், மாகாணக் கல்வித் திணைக்களத்தை இவ்வாண்டே அடையட்டும்.