டிரா என்றால் இருவருக்கும் சமமா? பிரக்ஞானந்தா - கார்ல்சன் ஆட்டம் சொல்வது என்ன?

2023 ஆகஸ்ட் 23, அஜர்பைஜானின் பாகு நகரம். உலகக் கோப்பை செஸ் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம். 30 நகர்த்தல்கள் முடிந்ததும் பிரக்ஞானந்தாவும் மேக்னஸ் கார்ல்சனும் கைகுலுக்கிவிட்டார்கள். முந்தைய நாளைப் போலவே இதுவும் டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி. அப்போ ரெண்டு பேருக்கும் லாபம் ஒண்ணுதானே? இல்லை.

வெள்ளைக் காய் இருந்தும் ஏன் டிரா?

வெள்ளைக் காய் வைத்திருப்பவர் முதலில் நகர்த்துவார். அதனால் பெரும்பாலும் அவர்தான் வெற்றிக்கு முயல்வார். அன்று வெள்ளை கார்ல்சனிடம் இருந்தது. ஆனால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் அவர் சோர்ந்துபோயிருந்தார். ரிஸ்க் எடுக்காமல் காய்களை வெட்டிக்கொடுத்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்தார். கறுப்பில் ஆடிய 18 வயது பிரக்ஞானந்தாவுக்கு, சமநிலையில் இருந்த அந்த ஆட்டத்தை வலிந்து இழுக்கப் பெரிய காரணம் இல்லை.

லாபம் யாருக்கு?

டிராவால் போட்டி மறுநாள் டை-பிரேக்கருக்குப் போனது. அது ரேபிட் ஆட்டம்: ஒருவருக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதல். கார்ல்சன் அப்போதைய உலக ரேபிட் சாம்பியன். கூடவே ஓர் இரவு ஓய்வும் கிடைத்தது.

முதல் ரேபிட் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் கார்ல்சன் வென்றார். அடுத்ததில் அவருக்கு அரைப் புள்ளி போதும். மறுபடி வெள்ளை, மறுபடி டிரா. 1.5 - 0.5 என்ற கணக்கில் கோப்பை அவர் கைக்குப் போனது. கடைசியில் கோப்பையை உறுதி செய்ததும் ஒரு டிராதான்!